காலியாக விட்ட நான்கு வரிகள்

வாசல் காவல் அறையிலிருந்து இன்டர்காமில் செய்தி வந்தது. காலை ஒன்பதே கால் இருக்கும். மூன்றாவது மாடியில் என் இருக்கைக்கு வந்து பையை வைத்திருந்தேன், அவ்வளவுதான். "சார், தங்கவேல் சாப் நஹீ ரஹே" என்றார் காவலில் இருந்த பீகார்க்காரர், தங்கவேல் போய்விட்டான் என்று. டியூட்டிக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. புரிந்தும் என் வாய் என்ன கேட்டது தெரியுமா? "அப்போ இன்னிக்கு கேட்ல யாரு நிக்கறாங்க?" என்று கேட்டது. இருபத்தைந்து வருடச் சிநேகிதன் செத்துப்போனான் என்று சொன்ன ஆளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நம் புனே தமிழ்ச் சங்க மலருக்கு அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் செயலாளர். "நல்லதா நாலு வார்த்தை, ஏழுமலை. நீங்கதானே அவரோட ரொம்ப நாள் பழகினவர்" என்றார். நல்லதாக நாலு வார்த்தை எனக்கு வரவில்லை ஐயா. கோபம்தான் வருகிறது. இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் பேசியதைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனி நிர்வாக அதிகாரி வந்து, "எங்கள் கேட்டின் முகம் அவர்" என்றார். நம்மில் ஒருவர், "எத்தனை பணிவு, எத்தனை விறைப்பான சல்யூட்" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு. அவன் யார் என்று அந்த ஹாலில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் அது.

தங்கவேல் கோவில்பட்டிக்காரன், நான் குடியாத்தம். இருவரும் விமானப்படையில் சேர்ந்தது ஒரே வருடம், பழக்கம் அன்றிலிருந்தே, இருவருக்கும் கிடைத்தது ஒரே வேலை. உதிரிபாகக் கிடங்கில் சாமான்களைப் பார்த்துக்கொள்வது. சுற்றிச் சுற்றி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் புனேயில் ஒரு கிடங்கில் வந்து சேர்ந்தோம். எந்தக் கிடங்கு என்று எழுத மாட்டேன். இந்த ஒரு விஷயத்திலாவது அவன் பேச்சைக் கேட்கிறேன். அவன் என்னை "ஏழு" என்பான். நான் அவனை "வேலு" என்பேன். லோஹேகாவில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். அவன் மனைவி செண்பகம் எனக்குத் தங்கச்சி முறையாகிவிட்டது, "அண்ணே" என்றுதான் கூப்பிடும்.

கிடங்கு எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் அவன் என்ன செய்தான் என்பது விளங்கும். ஆயிரக்கணக்கான சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை தொங்கும். அதில் சாமானின் நம்பர் இருக்கும், எத்தனை வந்தது, எத்தனை போனது என்றிருக்கும். யாராவது ஒரு சாமான் கேட்டால் நம்பரை வைத்துத் தேடுவோம். அட்டை கிடைத்தால் சாமான் உண்டு. கிடைக்காவிட்டால் "இல்லை" என்று எழுதி அனுப்புவோம். அப்படித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

ஒருமுறை ஒரு ரப்பர் வளையம் இல்லாமல் ஒரு விமானம் பதினோரு நாள் தரையில் நின்றது. வளையம் என்றால் கை வளையல் அளவு, அவ்வளவுதான். வேறு ஊர்க் கிடங்குகளுக்கெல்லாம் தந்தி பறந்தது. எங்கள் அதிகாரி காலையில் ஒரு கத்து, மாலையில் ஒரு கத்து. பன்னிரண்டாம் நாள் தங்கவேல் அந்த வளையத்தைக் கையில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். எங்கிருந்து? எங்கள் கிடங்கிலிருந்தே. இரண்டு வரிசை தள்ளி, வேறொரு நம்பர் எழுதிய பெட்டியில் இருபத்து மூன்று வளையங்கள் கிடந்தன. தயாரித்த நாட்டுக்காரன் போட்ட பழைய நம்பர் ஒன்று, இங்கே போட்ட புது நம்பர் ஒன்று. ஒரே சாமானுக்கு இரண்டு நம்பர், இரண்டு பெட்டி, இரண்டு அட்டை. இந்த அட்டைக்கு அந்த அட்டை இருப்பதே தெரியாது.

"அட்டயத்தான நாம தேடுதோம் ஏழு, சாமான எங்க தேடுதோம்?" என்றான். அதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். மற்றவர்களாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். நானாக இருந்தால் கண்டிப்பாக விட்டிருப்பேன். இவன் அடுத்த எட்டு மாதம் வரிசை வரிசையாக நடந்தான். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, அளந்து, திருப்பிப் பார்த்து, அதன் மேல் பொறித்திருந்ததைப் படித்து, எந்தெந்த நம்பர்கள் ஒன்றே என்று ஒரு நோட்டில் எழுதினான். அப்போது எங்கள் யூனிட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. கிடங்கிலேயே ஏசி போட்ட அறை அது ஒன்றுதான், ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு சாக்ஸோடு போக வேண்டும். அந்த அறையில் உட்கார்ந்து ஃபாக்ஸ்ப்ரோவில் அவனே ஒரு புரோகிராம் எழுதினான். எந்த நம்பரைத் தட்டினாலும் அதன் இரட்டை எங்கே இருக்கிறது என்று அது காட்டும். இதில் என் பங்கு என்னவென்றால், நோட்டைப் பார்த்து நம்பர்களை உரக்கப் படித்தேன். அவன் தட்டினான். அதற்குப் பிறகு நாங்கள் "இல்லை" என்று எழுதி அனுப்பியது ரொம்பக் குறைவு.

அந்த நாட்களில்தான் இருவரும் தபால் வழியில் கம்ப்யூட்டர் பட்டம் படித்தோம். அவன் முதல் வகுப்பு. நான் கணக்குப் பேப்பரில் ஒருமுறை ஊற்றிக்கொண்டு, இரண்டாம் முறை அவன் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததால் தேறினேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது திட்டுவான். "ஒனக்கு மண்டைக்குள்ள மூள இருக்கா, வேலூர் வெயிலு அதயும் காய வச்சிருச்சா?" என்பான். சான்றிதழ் வந்த அன்று செண்பகம் பால்கோவா கிளறிக் கொடுத்தது. பட்டதாரிகள் ஆகிவிட்டோம், இனி நமக்கென்ன என்று இருவரும் ஆளுக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டோம்.

படையை விட்டு வெளியே வரப்போகிறவர்களுக்கு ஒரு சொற்பொழிவு வைப்பார்கள். வெளியில் என்ன வேலை கிடைக்கும், என்ன சம்பளம் என்று யாராவது வந்து சொல்வார்கள். என் முறைக்கு டை கட்டிய ஒருவர் வந்தார், தங்கவேலும் எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருந்தான். வெள்ளைப் பலகையில் ஏணி மாதிரி ஒரு படம் போட்டார். கீழ்ப்படியில் காவல் வேலை, அதற்கு மேல் பெட்ரோல் பங்க், அதற்கு மேல் வங்கி, உச்சியில் கம்ப்யூட்டர். "இராணுவத்தில் தகவல் அமைப்புகளில் வேலை பார்த்த பட்டதாரிகளை வெளியே கொத்திக்கொண்டு போவார்கள். என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்லத் தெரிய வேண்டும்" என்றார். தங்கவேல் எழுந்து நின்று, இந்தியில், ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "சார், செய்ததைச் சொல்லக்கூடாதவன் எந்தப் படியில் நிற்பான்?" எல்லோரும் சிரித்தார்கள். டைக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு ஏணியை அழித்துவிட்டுப் போனார்.

நான் பதினைந்து வருடத்தில் வெளியே வந்தேன். வரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே பார்த்தது, செய்தது, தெரிந்துகொண்டது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதி. சேரும்போதும் ஒன்று போட்டிருந்தோம். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஊருக்குப் போக இலவச ரயில்வே வாரண்ட் வாங்கும் அவசரம் எனக்கு.

அப்போது கம்ப்யூட்டர்காரனுக்கு எங்கேயும் நல்ல கிராக்கி. சிஞ்ச்வட்டில் வேலை பிடித்துத் தரும் ஒரு ஏஜென்ட், கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் ஆபீஸ். என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "க்யா கியா ஆப்னே? என்ன செஞ்சீங்க? ஏதாவது சொந்தமா உருவாக்கியிருக்கீங்களா?" என்று கேட்டான். நான் இரட்டை நம்பர் கதையைச் சொன்னேன். அவன் கண் விரிந்தது. "யாரு செஞ்சது இது?" என்றான். "நான்" என்றேன். அவ்வளவுதான். சுலபமாக வந்துவிட்டது. பயோடேட்டாவில் ஏழாவது வரியாக அதை டைப் அடித்துக் கொடுத்தான். உதிரிபாகக் கிடங்குக்கான முழு இருப்பு அமைப்பை வடிவமைத்து எழுதியவர் என்று. அந்த வரிதான் விமான் நகரில் இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அந்த வரியைப் பற்றித்தான் நேர்காணலில் முக்கால்மணி நேரம் கேட்டார்கள். எட்டு மாதம் அவன் பக்கத்திலேயே இருந்தவனாயிற்றே, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மூன்றே வருடத்தில் கார், ஐந்தாவது வருடத்தில் ஹவுசிங் சொசைட்டியில் ஃப்ளாட். நீங்கள் எல்லோரும் கிரகப்பிரவேசத்துக்கு வந்து கேசரி நன்றாக இருக்கிறது என்றீர்களே, அந்த ஃப்ளாட்தான்.

தங்கவேல் இருபது வருடம் முடித்து வெளியே வந்தான். பெரிய பெண் கவிதா அப்போது பத்தாவது, சின்னவள் ஆறாவது. பென்ஷனை வைத்துக்கொண்டு வாடகையும் கொடுத்து இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது. அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தே ஆக வேண்டும். லோஹேகாவில் ரோட்டோர டபரிக்கடையில் அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துக்கொண்டே அவன் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். பெயர், பட்டம், முதல் வகுப்பு, எல்லாம் இருந்தது. "செய்த பணிகள்" என்ற தலைப்புக்குக் கீழே நான்கு வரி அளவுக்குக் கோடு போட்டு, காலியாக விட்டிருந்தான்.

"இன்னாபா இது? எழுத மறந்துட்டியா?"

"மறக்கல. கையெழுத்துப் போட்டிருக்கம்ல."

"எல்லாரும்தான் போட்டான். எல்லாரும்தான் எழுதறான். ஃபாக்ஸ்ப்ரோல ஒரு லிஸ்ட்டு வேலு அது. அணுகுண்டா?"

அவன் டீயை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னான். "ஏழு, எந்தச் சாமானுக்கு ரெண்டு நம்பருன்னு சொன்னா, எது நம்மகிட்ட எத்தன இருக்குன்னு அடுத்து கேப்பான். எது இருக்குன்னு சொன்னா எது இல்லன்னும் சொன்ன மாதிரிதான. எது இல்லன்னு தெரிஞ்சா எந்த விமானம் பறக்காதுன்னு தெரியும். நான் எங்க நிறுத்த? மொதல் கேள்வியிலயே நிறுத்திருதேன்."

"அந்த மெஷினையே கழிச்சுக் கட்டிட்டாங்கபா. வேற சிஸ்டம் வந்துருச்சுன்னு நீயே சொன்ன."

"மெசின் போச்சு. சாமான் இருக்குல்லா."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீ கிளாஸை உடைத்திருப்பேன். அவனுக்காக வந்த கோபம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அப்படித் தெரியவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் அவ்வளவு கத்தினேன்.

ஏழெட்டுக் கம்பெனிகளில் அவனைக் கூப்பிட்டார்கள். ஹடப்சரில், ஹிஞ்சவடியில், எல்லா இடத்திலும். பட்டத்தைப் பார்த்துக் கூப்பிடுவார்கள், "என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள், இவன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "பதா நஹீ சக்தா, சார்" என்பான். சொல்ல முடியாது, சார். ஒரு இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், "சொல்ல முடியாதா, சொல்ல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டானாம். அதையும் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்.

கடைசியில் எங்கள் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். செண்பகம் என் வீட்டுக்கே வந்துவிட்டது. "அண்ணே, ஒங்க ஆபீஸ்லயாவது ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. இவரு வாயத் தொறக்க மாட்டேங்காரு. நீங்க தொறந்தா என்ன?" என்றது. சரியான கேள்வி. நான் மேலாளர் பாட்டீலிடம் அவன் பயோடேட்டாவைக் கொடுத்தேன். என்னோடு ஒரே கிடங்கில் இருந்தவன், கெட்டிக்காரன் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஒரே வாக்கியம், "என் ஏழாவது வரியைச் செய்தவன் இவன்தான்."

நேர்காணல் நடந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். என் இடத்திலிருந்து அவன் முதுகு தெரிந்தது. இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. முடிந்ததும் பாட்டீல் நேராக என்னிடம் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். "க்யா ஆத்மி ஹை யார்! என்ன ஆளுப்பா அவன்! கிடங்கு சிஸ்டம் பத்திக் கேட்டேன். பதா நஹீ சக்தா. சரி, எங்க ஏழுமலைதான் அதைச் செஞ்சாருன்னு எழுதியிருக்காரே, நீங்க அதுல என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். அதுக்கும் பதா நஹீ சக்தா. சரிப்பா, அவர்தான் செஞ்சாரா, அதையாவது சொல்லுன்னேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்தான். அப்புறம் அதே பாட்டு. கதா ஹை, கதா" என்றார். கழுதை என்றார் அவனை. எனக்கு "அப்பாடா" என்று மூச்சு வந்தது. வந்த மூச்சோடு நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சிரித்தேன்.

அன்று மதியம் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "வேல கெடச்சிருச்சு ஏழு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன வேலை?" என்றேன். "ஹெச்ஆர்ல ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. எக்ஸ் சர்வீஸ்மேன்தான, செக்யூரிட்டியில எடம் இருக்கு, நாளைக்கே சேரலாம்னுச்சு. சரின்னுட்டேன். இருவது வருசமா பாத்த வேலதான, பாதுகாப்பு." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கேலியே இல்லை. தட்டில் இருந்த அவல் பொஹாவைச் சிந்தாமல் சாப்பிட்டு எழுந்தான். என் வரியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த ஐந்து வருடமும் கேட்கவில்லை.

ஐந்து வருடம். தினமும் காலையில் நான் காரில் வருவேன். நீளக் குச்சியில் கட்டிய கண்ணாடியைக் காருக்கு அடியில் விட்டு, அவன் குனிந்து பார்ப்பான். என் காரை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கலாம். விடமாட்டான். பார்த்துவிட்டு, நிமிர்ந்து, எல்லோருக்கும் வைக்கிற மாதிரி சல்யூட் வைப்பான். "வேண்டாம்பா வேலு, என் உயிரை எடுக்காத" என்று ஒருநாள் சொன்னேன். "டூட்டி ஏழு. நீ மேல போ" என்றான். மேலே போனேன். அவன் மாதம் வாங்கியது என் கார்க் கடனுக்கே காணாது.

உள்ளே வரும் விருந்தாளிகளைப் பதிவு செய்ய ஒருமுறை ஒரு சாஃப்ட்வேர் செய்தார்கள். கல்லூரி முடித்து வந்த ஒரு பையன் மூன்று மாதம் உட்கார்ந்து செய்தான். போட்ட முதல் வாரமே குழப்பம். தங்கவேல் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரே ஆளு ரெண்டு பேர்ல வாரான் பாருங்க. ஒருநாள் எஸ்.கே. ஜோஷி, ஒருநாள் சுரேஷ் ஜோஷி. ரெண்டயும் சேக்க ஒரு டேபிள் வைங்க" என்று எப்படிச் செய்வது என்பதையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினான். பையன் மாடிக்கு வந்து என்னிடம் வியந்தான். "சார், கீழ செக்யூரிட்டி அங்கிளுக்கு டேட்டாபேஸ் தெரியுது!" அந்தப் பையனுக்கு அந்த வருடம் பரிசு கொடுத்தார்கள். மேடையில் கைதட்டியவர்களில் நானும் உண்டு. கதவைத் திறந்து விட்டவன் தங்கவேல்.

உங்களையும் விடுவதாக இல்லை. நம் சங்கப் பொங்கல் விழாவில் வருடாவருடம் வண்டி நிறுத்தும் இடத்தை அவனிடம்தானே கொடுத்தோம்? ஒரு விசிலும் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு "எந்தப் படிப்புக்கு என்ன வேலை" என்று கூட்டம் போட்டபோது மேடையில் என்னைத்தான் உட்காரவைத்தீர்கள். இராணுவத்தில் கம்ப்யூட்டர் படித்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்று ஒரு தகப்பன் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, திறமை இருந்தால் வானமே எல்லை என்றேன். வெளியே வெயிலில் அவன் உங்கள் ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான்.

அவன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டுவேன். பாட்டீல் கேட்ட மூன்றாவது கேள்விக்கு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாயே, அந்த ஒரு நிமிஷத்தில் என்னடா யோசித்தாய்? கையெழுத்துப் போட்ட தாளை நினைத்தாயா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை நினைத்தாயா? தாளுக்காகச் சொல்லாமல் இருந்தாய் என்றால் நீ பெரிய மனுஷன், போ. எனக்காகச் சொல்லாமல் இருந்தாய் என்றால் நான் இனி எப்படிடா சோறு திங்கிறது? ஐந்து வருடம் கேட்கப் பயந்தேன். இப்போது கேட்க ஆள் இல்லை. கேட்டிருந்தாலும், எனக்குத் தெரியும், என்ன சொல்லியிருப்பாய் என்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு செண்பகம் அவனுடைய பழைய ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. முகம் வீங்கியிருந்தது. "அண்ணே, கவிதா காலேஜுக்கு வேலைக்கு ஆள் எடுக்க வாராங்களாம். ஃபாரத்துல அப்பா என்ன வேல பாத்தாருன்னு கேட்டிருக்கு. செக்யூரிட்டி கார்டுன்னு எழுதிட்டு வந்து சாப்பிடாம உக்காந்திருக்கா. செக்யூரிட்டிக்கு முன்னாடி இருவது வருசம் என்ன பாத்தாருன்னு கேக்கா. எனக்கு என்ன தெரியும்? கேட்டா சொல்ல மாட்டாரு. நீங்க கூடவே இருந்தீங்கள்லா. இவரு அங்க என்னதான்ணே செஞ்சாரு?"

கவிதா கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபைலைப் புரட்டினேன். அந்தப் பயோடேட்டா இருந்தது. நான்கு வரியும் அப்படியே காலியாக இருந்தது.

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதும்மா" என்றேன்.

செண்பகம் தலையை ஆட்டியது. "இவரும் இப்பிடித்தாண்ணே சொல்வாரு" என்றது. எழுந்து போய் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தது. அவன் தன் வார்த்தையைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன வாக்கியத்தை, நான் என் நாற்காலியைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன். அந்தக் காப்பியை வேறு குடித்துவிட்டு வந்தேன். வரும்போது அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று என்னிடம் இருக்கும் அவன் பொருள் அது ஒன்றுதான்.

செயலாளர் அவர்களே, ஒரு பக்கம் கேட்டீர்கள், நீண்டுவிட்டது. வெட்டுவதாக இருந்தால் என் பெயரை வேண்டுமானால் வெட்டுங்கள், இனி வருவதை வெட்டாதீர்கள்.

கவிதா, இது உனக்கு. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று அப்பா குறைப்பட்டுக்கொள்வான். அம்மாவை உரக்க வாசிக்கச் சொல். எந்தச் சாமான், எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை, அது அவன் கொடுத்த வாக்கு, இருக்கட்டும். உன் அப்பா தன் துறையில் முதல் வகுப்புப் பட்டதாரி. ஒரு பெரிய கிடங்கின் தகவல் அமைப்பை யோசித்தவன், நடந்து சேகரித்தவன், எழுதியவன், மூன்றும் அவன் ஒருவன். பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் படித்தவன் நான். அந்த வேலையை என்னுடையது என்று எழுதிக்கொடுத்து வேலை வாங்கியதும் நான். போன வெள்ளிக்கிழமை என் பயோடேட்டாவில் ஏழாவது வரியை அடித்து, பக்கத்தில் அப்பா பெயரை எழுதி, பாட்டீல் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த கம்பெனி வரும்போது அந்த ஃபாரத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில், விமானப்படையில் தகவல் அமைப்பு வடிவமைத்தவர் என்று எழுது. அதற்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள். எங்கள் கம்பெனி மூன்றாவது மாடியில் ஏழுமலை என்று ஒருவன் இருக்கிறான் என்று சொல். மூன்றாவது மாடியில் இல்லையென்றால் வீட்டில் இருப்பான். அவனைக் கேளுங்கள், அவனால் சொல்ல முடியும் என்று சொல்.